மாமியார், மருமகள், நடுவில் ஒரு சுவர்

ஹலோ... ம், கேட்கிறது. தயவுசெய்து இன்னொரு தடவை அந்த வீணையைப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். உங்களுக்கு முன்னால் எடுத்தவர் "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லிப் போனவர்தான். வீணை வாசித்து முடித்து மறுபடி முதலிலிருந்து வாசித்தாகிவிட்டது, ஆளைக் காணோம். உங்கள் பெயர்? சத்யகலா. நல்லது. நான் வெண்மணி. மொழியியலில் பிஎச்.டி. செய்கிறேன். லைசென்ஸ் நம்பரெல்லாம் அப்புறம் தருகிறேன். முதலில் நான் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். கேட்பதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள்? கோபப்படாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை. உங்கள் கம்பெனியைச் சொல்கிறேன்.

உங்கள் கம்பெனியின் ஆன்ட்டிவைரஸ் ஒரு சிநேகிதத்தை அழித்துவிட்டது. அதுதான் புகார்.

ஆமாம், சிநேகிதம். ஃபைல் இல்லை. உங்கள் திரையில் அதற்குக் கட்டம் இல்லையென்றால் 'இதர' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை நான். ஒரே ஒரு காரியம்தான் வேண்டும். ஒரு நம்பர் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஜெனோவா என்று பெயர். அந்த நம்பருக்கு நீங்கள் போன் போட்டு, "வெண்மணி மேல் தப்பில்லைங்க, எங்கள் அப்டேட்தான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் போட்டால் எடுக்க மாட்டாள், என்னை பிளாக் செய்திருக்கிறாள். வேறு போனிலிருந்து போட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். கம்பெனியிலிருந்து என்றால் கேட்பாள். அவள் எல்லார் பேச்சையும் கடைசிவரை கேட்பவள். லோன் வேண்டுமா என்று கூப்பிடுகிற பெண்களிடம்கூட "வேண்டாம்மா, நீ சாப்ட்டியா" என்று கேட்பாள்.

அப்படிச் செய்கிற வழக்கம் இல்லையா? இன்றிலிருந்து வழக்கமாக்குங்கள். கெடுத்தது நீங்கள், சரிசெய்வது யார்?

சரி, சரி. பிரச்சினை என்னவென்று சொல்கிறேன்.

எங்கள் துறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன அறைகள். ஒன்றில் நான், ஒன்றில் ஜெனோவா. நடுவில் ஒரு சுவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். அவளுக்கு உவரிப் பக்கம் கடற்கரை ஊர். மீன் காயப்போடுகிற பெண்கள் பேசுகிற பேச்சைப் பதிவு செய்து, எழுத்தில் கொண்டுவந்து, சொல் சொல்லாகப் பிரித்து வைக்க வேண்டும். பேச வைப்பது அவள். நான் போய் மைக்கை நீட்டினால் அந்தப் பெண்கள் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுவார்கள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மீனைப் புரட்டிப் போட்டால் போதும், காற்றைப் பற்றி, கடனைப் பற்றி, மாமியாரைப் பற்றி எல்லாம் வரும். எழுதுவது நான். பதிவெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் இருக்கும். அதை நெட்வொர்க்கில் ஷேர் செய்திருந்தாள். நான் இங்கே உட்கார்ந்து திறப்பேன்.

கம்ப்யூட்டருக்கெல்லாம் பெயர் வைக்கச் சொல்லும் இல்லையா? அவள்தான் வைத்தாள். அவளுடையது மாமியார், என்னுடையது மருமகள். "சாவிக்கொத்து எங்கிட்ட இருக்குல்லா, அப்ப நாந்தான் மாமியா. வாயாடறது நீ, அப்ப நீதான் மருமவ" என்றாள். சிரிக்கிறீர்கள் பார்த்தீர்களா? எல்லாரும் சிரிப்பார்கள். எங்கள் துறைத் தலைவி சண்முகவடிவு மேடம்கூட, "என்னம்மா, மாமியாரும் மருமகளும் இன்னைக்கு ஒத்துப்போறாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இன்னொன்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வேலை கெடுகிறது என்று மேடம் அப்போது அறைக்குள் போன் விடமாட்டார். நாள் முழுக்க இருவர் காதிலும் ஹெட்போன். சுவரைத் தட்டினாலும் கேட்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த ஷேர் ஃபோல்டரில் ஒரு காலி ஃபைல் போடுவாள். உள்ளே ஒன்றும் இருக்காது. பெயர்தான் செய்தி. 'டீக்கு வாறியா' என்று ஒரு ஃபைல். நான் அதன் பெயரை மாற்றி 'வாறேன்' என்று வைப்பேன். அதுதான் பதில். ஃபைல் பெயரில் கேள்விக்குறி போட விண்டோஸ் விடாது தெரியுமா? எங்கள் கேள்வி எதற்கும் கேள்விக்குறியே கிடையாது. சாயங்காலம் கிளம்பும்போது பதில் வந்ததையெல்லாம் அழித்துவிடுவாள். பதில் வராததை அழிக்க மாட்டாள். "கேட்டது கேட்டதுதானட்டி, கிடக்கட்டும்" என்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன், இருங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கருத்தரங்கு. எங்கள் புராஜெக்டைப் பற்றிப் பேச அழைப்பு வந்தது. ஒருவருக்குத்தான் இடம் என்றார் மேடம், நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். அன்று சாயங்காலம் கேன்டீனில் வைத்து நான் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மேடை ஏறினால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், கேள்வி கேட்டால் சிரிப்பாய், எனக்குத்தான் வாதம் வரும், புராஜெக்டின் நன்மைக்காகச் சொல்கிறேன் என்றேன். இதில் என்ன தப்பு? உண்மைதானே? அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "சரிட்டி, பாப்பம்" என்றாள். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். சரி என்றா, மாட்டேன் என்றா? எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் உங்கள் அப்டேட் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் உங்கள் கேடயப் படம் வந்து சுற்றோ சுற்று என்று சுற்றியது. முடிந்ததும் ஏதோ ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. இந்த மாதிரிப் பெட்டிக்கெல்லாம் நான் எப்போதும் 'இல்லை'தான் அழுத்துவேன். எங்கப்பா தொழிற்சங்கக்காரர். புரியாத காகிதத்தை யார் நீட்டினாலும் முதலில் மறுத்துவிடு என்று சொல்லி வளர்த்தவர். அழுத்திவிட்டு மாமியாரைத் திறந்தால், திறக்கவில்லை. இதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை என்கிற மாதிரி ஒரு செய்தி.

அனுமதி. எனக்கு! என் விரல் தேயத் தேய எழுதிய பக்கங்களுக்கு!

அனுமதியைக் கொடுப்பதும் எடுப்பதும் யார் கையில்? அது யாருடைய கம்ப்யூட்டரோ அவர் கையில். முந்தின நாள் "பாப்பம்" என்று சொன்னவள் யார்? மறுநாள் காலையில் கதவு சாத்தியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டிருப்பீர்களா? அப்படியா. நீங்கள் நல்லவர் போலிருக்கிறது. நான் நேரே மேடத்திடம் போனேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? புகாரை உரிய இடத்தில் சொல்ல வேண்டும். வராந்தாவில் நின்ற மற்ற ஆய்வாளர்களிடமும் சொன்னேன். நாளைக்கு உங்களுக்கும் இது நடக்கும் என்றேன். எல்லாரும் என் அறைக்கு வந்து திரையைப் பார்த்தார்கள். ஜெனோவாவையும் கூப்பிட்டார்கள். ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும்...

மேடம், "என்னம்மா, பூட்டினியா?" என்று கேட்டார்.

"எதை மேடம்?"

"ஃபோல்டரை."

"இல்லையே."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் பூட்டலட்டி" என்றாள். நான் திரையைக் காட்டி, "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று கேட்டேன். நல்ல கேள்வியா இல்லையா? வராந்தாவில் இரண்டு பேர் ஆமோதித்தார்கள். அவள் அந்தத் திரையைப் பார்த்தாள். "அப்ப அது சொன்னா உனக்குப் போதும், என்ன?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. எனக்கு எப்போதும் பதில் இருக்கும். "உங்க ஊர்க்காரங்க பேசினா அது உன் சொத்தாயிடுமா?" என்றேன்.

அவள் சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. "எங்கம்மா பேசுனதும் அதுலதான இருக்கு. அது என் சொத்து இல்லன்னா வேற யாரு சொத்துட்டி?" என்றாள். அறைக்குப் போய் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மெஷினைக்கூட அணைக்கவில்லை.

மேடம் அவள் அறையைப் பூட்டச் சொன்னார். விசாரணை முடிகிறவரை யாரும் எதையும் தொடக் கூடாது என்றார். விசாரணைக் குழு என்று ஒன்று போட்டார்கள். அதில் ஒருவருக்கும் மெயில் திறக்கக்கூடத் தெரியாது, அது வேறு கதை. ஜெனோவா வரவே இல்லை. படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டாள். இப்போது தூத்துக்குடியில் ஏதோ ஸ்கூலில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாளாம்.

யாழ்ப்பாணமா? போனேன். யாராவது ஒருத்தர் போகத்தானே வேண்டும்? பதிவு எதுவும் கையில் இல்லை, அதனால் தலைப்பை மாற்றிக்கொண்டேன். ஆய்வில் நேர்மை என்று பேசினேன். நல்ல கைதட்டல்.

லைனில் இருக்கிறீர்களா?

அவள் அம்மா போன் போட்டார். மரியம்மா. நான் அவர்கள் வீட்டில் போய்த் தங்கும்போதெல்லாம் மீனுக்கு முள் எடுத்துத் தருவார், நான் கடற்கரை இல்லாத ஊர்ப் பிள்ளை, தொண்டையில் குத்திக்கொள்வேன் என்று. சண்டை போடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் வாதத்தையெல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அவர் சண்டை போடவில்லை. "எம்மவ என்னத்த மக்கா களவாண்டா?" என்று கேட்டார். அவ்வளவுதான். "சொல்லு மக்கா, என்னத்த எடுத்தா? எடுத்திருந்தா நான் திருப்பித் தந்திருதேன்" என்றார். நான் அனுமதி, ஷேரிங், நெட்வொர்க் என்றெல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "எனக்கு இதெல்லாம் வெளங்கல மக்கா. நீ சாப்ட்டியா?" என்றார்.

இல்லை, அழவில்லை. ஜலதோஷம்.

போன வாரம்தான் எனக்கு உண்மை தெரிந்தது. பக்கத்து வரலாற்றுத் துறையில் புதிதாக உங்கள் சாஃப்ட்வேரைப் போட்டார்கள். அப்டேட் வந்ததும் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றைத் திறக்க முடியவில்லை, பிரிண்டரும் போச்சு. அங்கே வந்த மெக்கானிக், "இது ஆன்ட்டிவைரஸ் வேலைங்க, பக்கத்து மெஷினை மறிச்சிருது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நான் வராந்தாவில் நின்று கேட்டேன். புரிகிறதா உங்களுக்கு? ஜெனோவா பூட்டவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. எங்கள் இருவர் மேலும் தப்பில்லை! நீங்கள்தான். நடுவில் புகுந்து கதவைச் சாத்தியது நீங்கள். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் அவளுக்குப் போன் போட வேண்டும்.

ரிமோட்டில் வந்து பார்க்கிறீர்களா? பாருங்கள், அதற்குத்தான் காலையிலேயே தயாராக இருக்கிறேன். விசாரணை முடிந்துவிட்டது, அவள் அறையைத் திறந்துவிட்டார்கள். அட்டெண்டர் பரமசிவம் அண்ணனிடம் கெஞ்சி மாமியாரையும் போட்டு வைத்திருக்கிறேன். அவர் ஐந்து மணிக்கு மெயினை அணைத்துவிடுவார், அதற்குள் முடித்துவிடுங்கள். ரிமோட் நம்பர் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்... ஆமாம், அனுமதி கொடுத்துவிட்டேன்.

ஐயோ, மவுஸ் தானாக நகர்கிறது. அவளும் இப்படித்தான். நான் எதையாவது தேடித் திணறினால் வந்து என் கையைத் தள்ளிவிட்டு, "தள்ளுட்டி, உனக்கு வாய் வேலை செய்ற மாதிரி கை வேலை செய்யாது" என்று மவுஸைப் பிடுங்கிக்கொள்வாள்.

அந்தச் செய்தியா? ஆமாம், அதேதான். பார்த்தீர்களா, இன்னும் வருகிறது. முழுசாகவா? நான் முதல் வரியைத்தான் படித்தேன். படியுங்கள். "உங்களுக்கு அனுமதி உள்ளதா என்பதை இந்தக் கணினியை நிர்வகிப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்."

கேட்டு.

சரி, அதை விடுங்கள். மேலே பாருங்கள்.

என்ன கேட்டீர்கள்? அப்டேட் முடிந்ததும் வந்த பெட்டியா? அதைத்தான் அப்போதே சொன்னேனே, 'இல்லை' அழுத்தினேன். அதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? உங்களிடம் இருக்கிறதா? படியுங்கள்.

"இந்த நெட்வொர்க்கில் உள்ள மற்றக் கணினிகளை நம்புகிறீர்களா?"

இது என்ன கேள்வி, சத்யகலா? யாராவது இப்படிக் கேட்பார்களா? காலையில் கண்ணைத் திறப்பதற்குள் வந்து, நம்புகிறாயா, ஆமாமா இல்லையா, உடனே சொல் என்றால்? மற்றக் கணினி என்றால் எது, ஊரில் உள்ள எல்லாமா? 'இல்லை' அழுத்தினால் வழி அடைபடும் என்று போட்டிருந்ததா? போட்டிருந்ததா. கீழேயே. சின்ன எழுத்தில். சின்ன எழுத்தில் எழுதுவது எழுதாததற்குச் சமம், நான் எந்த மன்றத்திலும் வாதாடுவேன். உங்கள் கேள்வி தப்பு. பக்கத்து அறையில் இருக்கிற ஜெனோவாவை நம்புகிறாயா என்று பச்சையாகக் கேட்டிருந்தால், நான் அந்த நிமிஷமே ஆமாம் என்று...

ஆமாம் என்றுதான்...

இருக்கிறேன். லைனில்தான் இருக்கிறேன்.

அப்படியென்றால் அவள் மெஷினில் ஒன்றுமே மாறவில்லையா? மறித்தது என் மெஷினா? சுவர் இந்தப் பக்கத்திலா இருந்தது? இத்தனை நாளும்?

சரி. 'ஆமாம்' என்று மாற்றுங்கள்.

திறந்துவிட்டது.

எல்லாம் இருக்கிறது. நீங்களே பார்க்கிறீர்களே. காற்றுப் பெயர், கருவாடு, மரியம்மா ஒன்று, மரியம்மா இரண்டு, எல்லாம். ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை. என் பெயருக்கு அனுமதி அப்படியே இருக்கிறதா? கொடுத்தது கொடுத்தபடி. கிளம்பும்போது நினைத்திருந்தால் ஒரு நொடியில் எடுத்திருக்கலாம் இல்லையா? எடுக்கவில்லை.

கீழே போகாதீர்கள். இருங்கள். கடைசியில் அது என்ன?

'டீக்கு வாறியா'.

'இன்னைக்கு மெதுவடை ஏட்டி'.

'நீயே போயிட்டு வா யாழ்ப்பாணம், கோவமா'.

தேதி அதே தேதிதான். அன்று காலை. நான் மேடம் அறையில் நின்று பேசிக்கொண்டிருந்த நேரம். அவள் பக்கத்து அறையில் உட்கார்ந்து இதைப் போட்டுவிட்டு, நான் பெயரை மாற்றுவேனா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பதில் வரவில்லை. அழிக்கவும் இல்லை. அப்புறம்தான் கூப்பிட்டார்கள். அதனால்தான் சிரித்துக்கொண்டே வந்தாளா? வடை வாங்கித் தரப் போகிறேன் என்றா?

தொடாதீர்கள்! இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், கத்திவிட்டேன். காலி ஃபைல்தான், எனக்குத் தெரியும். ஜீரோ கேபிதான். வேண்டாம், இடத்தை அடைக்கவில்லை. அழிக்க வேண்டாம்.

மவுஸை என்னிடம் கொடுங்கள், சத்யகலா. நானே செய்கிறேன். 'டீக்கு வாறியா' மேல் ரைட் கிளிக், பெயர் மாற்று... 'வாறேன்'. மாற்றிவிட்டேன். மாறியிருக்கிறதா? சரியாக இருக்கிறதா?

இதை அவள் அங்கிருந்து பார்க்க முடியுமா? தூத்துக்குடியிலிருந்து? முடியாதா. அந்த மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால்தானா. சரி. தெரியும். சும்மா கேட்டேன்.

குறித்துவைத்த அந்த நம்பரை அழித்துவிடுங்கள். ஜெனோவா நம்பரை. நீங்கள் போன் போட வேண்டாம். கம்பெனி சொல்ல ஒன்றுமில்லை.

வேறு உதவியா? இல்லை. சரியாகிவிட்டது என்று போட்டுக்கொள்ளுங்கள். ரேட்டிங் அஞ்சுக்கு அஞ்சு தருகிறேன். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்.

மணி ஐந்தாகப் போகிறது. வராந்தாவில் பரமசிவம் அண்ணன் சாவிச் சத்தம் கேட்கிறது. மெயினை அணைக்காதீர்கள், மாமியார் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று சொல்லப் போகிறேன். எதுக்கும்மா, யார் வரப் போறா என்பார். சொல்லட்டும். வாதாடத்தான் எனக்கு நன்றாக வருமே.